பதினைந்து மாத வேலையும் நிதிப் பொறியியல் விண்ணப்பமும்

2023 பிப்ரவரியில் ஓர் இரவு ஒன்பதரை மணிக்கு, கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டு மாடியறையில் மடிக்கணினியின் முன் அமர்ந்திருந்தேன். திரையின் மறுபுறம் நியூயார்க்கில் முற்பகல் பதினொரு மணி. முதலீடுகளின் விலையையும் இடரையும் கணிதத்தாலும் நிரலாலும் கணக்கிடும் நிதிப் பொறியியல் முதுகலைப் படிப்பு ஒன்றின் நேர்காணல் அது. என் விண்ணப்பக் கட்டுரையில் 'முதலீட்டுத் தொகுப்புகளின் இடர் மேலாண்மையில் பங்காற்றினேன்' என்று ஒரு வரி இருந்தது; பேராசிரியர் நேராக அந்த வரிக்கே வந்தார். ஒரு நாளுக்குரிய 99 விழுக்காட்டு வேல்யூ அட் ரிஸ்க், அதாவது நூறில் தொண்ணூற்றொன்பது நாள் இழப்பு தாண்டாத அளவு, தெரிந்தால் பத்து நாளுக்குரியதை எப்படிக் கணக்கிடுவீர்கள் என்று கேட்டார். பத்தின் வர்க்கமூலத்தால் பெருக்க வேண்டும் என்றேன். எந்த அனுமானத்தின்மேல் அது நிற்கிறது என்று கேட்டதற்கும், நாள்தோறும் வரும் ஆதாயங்கள் ஒன்றையொன்று சாராதவை, ஒரே பரவலைக் கொண்டவை என்று தட்டுத்தடுமாறிச் சொல்லிவிட்டேன். "உங்கள் அலுவலகத்தில் நீங்கள் பார்த்த தொகுப்பில் அந்த அனுமானம் பொருந்தியதா?" என்பது மூன்றாவது கேள்வி. அதற்கு என்னிடம் பதில் இல்லை, ஏனென்றால் அப்படி ஒரு தொகுப்பை நான் பார்த்ததே இல்லை.

என் உண்மையான வேலை வேறு. புதுச்சேரியில் பல்கலைக்கழகத்துடன் இணைந்த ஒரு தனியார் கல்லூரியில் மின்னணுவியல் பொறியியல் முடித்து, 2022 செப்டம்பரில் அதே ஊரில் ஒரு சிறிய நிறுவனத்தில் சேர்ந்தேன். வெளிநாட்டு முதலீட்டு நிதிகளுக்குக் கணக்கு பார்க்கும் பேக் ஆபீஸ் அது. நிதியின் கணக்கேட்டில் உள்ள கொள்முதல், விற்பனை, ரொக்க நிலுவை ஆகியவற்றைத் தரகர் அனுப்பும் அறிக்கையோடும் வங்கி அறிக்கையோடும் ஒப்பிட்டு, பொருந்தாதவற்றைக் கண்டுபிடித்துக் காரணம் எழுத வேண்டும். நாங்கள் இதை 'ரீகான்' என்போம், பொருந்தாத வரியை 'பிரேக்' என்போம். முதல் விண்ணப்பங்களை அனுப்பியபோது அந்த வேலையில் எனக்கு நான்கு மாதமே ஆகியிருந்தது. புதுச்சேரியில் நான் அணுகிய ஒரு கன்சல்டன்சியில், நான்கு மாத ரீகான் வேலை அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் எடுபடாது என்றும், 'கொஞ்சம் தூக்கி' எழுதினால்தான் தேறும் என்றும் சொன்னார்கள். அவர்கள் எழுதிக் கொடுத்ததைப் படித்தபோது கூச்சமாகத்தான் இருந்தது. ஆனாலும் கையெழுத்து என்னுடையது, அனுப்பியதும் நான்தான், ஆகவே பழியை முழுவதும் அவர்கள்மேல் போட்டுவிட முடியாது. அந்த ஆண்டு அனுப்பிய ஆறு விண்ணப்பங்களில் ஐந்து நேர்காணல் இல்லாமலேயே மறுக்கப்பட்டன. ஆறாவது, மேலே சொன்ன நேர்காணலோடு முடிந்தது.

பணி அனுபவம் குறைவாக இருப்பதுதான் என் சிக்கல் என்று அதுவரை நம்பியிருந்தேன். மறுப்புக் கடிதங்கள் வந்தபின், அந்தப் படிப்புகள் தங்கள் பக்கங்களில் வெளியிட்டிருந்த சேர்க்கை விவரங்களைப் பொறுமையாகப் படித்தேன். எம்பிஏவுக்கு அனுபவம் நுழைவுச்சீட்டுப் போன்றது, ஆனால் நிதிப் பொறியியல் அந்த இனத்தைச் சேர்ந்ததன்று. கொலம்பியாவில் அது தொழிற்பொறியியல், செயலாய்வுத் துறையில் இருக்கிறது. நியூயார்க் பல்கலைக்கழகத்தின் கூரண்ட் நிறுவனத்தில் கணிதத்தின் கீழ் வருகிறது. பிட்ஸ்பர்க் நகரின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1994இல் தொடங்கிய படிப்பை நான்கு கல்லூரிகள் சேர்ந்து நடத்துகின்றன. இளநிலை முடித்த கையோடு வருபவர்களை இவை வழக்கமாகவே சேர்த்துக்கொள்கின்றன. பெர்க்லியில் ஓராண்டுப் படிப்பு மார்ச் மாதம் தொடங்குகிறது. வேலையில் சில ஆண்டுகள் கழித்தவர்கள் அங்கே கணிசமாக இருப்பதால் அதை என் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். மற்ற இடங்களில் அவர்கள் முதலில் தேடுவது, பலமாறி நுண்கணிதம், நேரியல் இயற்கணிதம், வகைக்கெழுச் சமன்பாடுகள், நுண்கணித அடிப்படையிலான நிகழ்தகவு, ஏதாவது ஒரு நிரல்மொழி ஆகிய ஐந்தையும் இந்த மாணவர் உண்மையிலேயே படித்திருக்கிறாரா என்பதைத்தான்.

நான் இவை ஏறக்குறைய அனைத்தையும் படித்திருந்தேன், ஆனால் என் மதிப்பெண் சான்றிதழ் அதைச் சொல்லவில்லை. எங்கள் சான்றிதழில் 'கணிதம்–1', 'கணிதம்–2', 'கணிதம்–3' என்றுதான் இருக்கும். மூன்றாவதில் பகுதி வகைக்கெழுச் சமன்பாடும் ஃபூரியே தொடரும் இருப்பது புதுச்சேரியில் படித்தவருக்குத் தெரியும், பிட்ஸ்பர்க்கில் கோப்பைத் திறப்பவருக்கு எப்படித் தெரியும்? கடலூர், விழுப்புரம், புதுச்சேரிப் பக்கத்திலிருந்து விண்ணப்பிக்கும் பொறியியல் மாணவர்களுக்கு நான் சொல்லக்கூடியவற்றில் மிகப் பயனுள்ளது இதுதான் என்று நினைக்கிறேன். இரண்டாம் ஆண்டு ஒரே பக்கத்தில் ஒரு தாள் தயாரித்தேன். இடப்பக்கம் சான்றிதழில் உள்ள பாடப் பெயரும் மதிப்பெண்ணும். வலப்பக்கம் அந்தப் பாடத்தின் அலகுகள் இரண்டே வரியில். அதற்கும் அடுத்து, அந்தப் படிப்பு கேட்கும் முன்தேவைகளில் இது எதை நிறைவு செய்கிறது என்ற குறிப்பு. கல்லூரி அலுவலகத்தில் பாடத்திட்டப் புத்தகத்தோடு ஒப்பிட்டு முத்திரை வாங்கினேன். கூடுதல் ஆவணம் இணைக்க இடம் கொடுத்த எல்லா விண்ணப்பங்களிலும் அதை இணைத்தேன். பின்னால் எனக்கு இடம் கொடுத்த இரண்டில் ஒன்றின் நேர்காணலில், அந்தத் தாளை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டுதான் பேசினார்கள்.

அந்தத் தாளைத் தயாரிக்கும்போதே என் ஓட்டையும் தெரிந்துவிட்டது. நேரியல் இயற்கணிதம் என்று எங்களுக்கு நடந்தது ஓர் அலகு அணிகள் மட்டுமே, எண்ணியல் முறைகளோ இல்லவே இல்லை. இரண்டாம் பருவத்தில் ஓர் அரியரும் இருந்தது. ஓட்டையை அடைக்க என்பிடெல் இணையவழி வகுப்புகளை எடுத்தேன். பாடம் இலவசம், மேற்பார்வையோடு நடக்கும் தேர்வுக்கு மட்டும் ஆயிரம் ரூபாய். வாராந்திர ஒப்படைப்புகளுக்கு 25, தேர்வுக்கு 75 என்று மதிப்பெண் பிரியும். நேரியல் இயற்கணிதம் ஒன்று, குவாஹாத்தி ஐஐடி ஆசிரியர்கள் நடத்தும் கணித நிதியியல் ஒன்று என இரண்டை முடித்தேன். சி++ மொழிக்குப் பரூக் கல்லூரியும் குவான்ட்நெட்டும் இணைந்து நடத்தும் இணையவழிச் சான்றிதழ் இத்துறையில் நன்கு அறியப்பட்டது. விலை என் சம்பளத்துக்கு அதிகமாக இருந்ததால் நான் எடுக்கவில்லை, எடுக்காததால் எனக்கு இடம் போனதாகவும் தெரியவில்லை. அரியரைப் பற்றி விருப்பக் கட்டுரையில் மூன்று வரி எழுதினேன்: எந்தப் பாடம், ஏன் தவறியது, மறுமுறை எவ்வளவு எடுத்தேன். நான்காவது வரியாக ஒரு சோகக் கதை எழுதியிருந்தேன். அனுப்பும் முன் நீக்கிவிட்டேன்.

ஜிஆர்இ என்ற முதுகலை நுழைவுத் தேர்வைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2022இல் மூன்றே முக்கால் மணி நேரத் தேர்வை எழுதிக் கணிதப் பகுதியில் 170க்கு 164 வாங்கினேன். இத்துறையில் 170ஐ ஒட்டிய மதிப்பெண் சாதாரணம் என்பதால் அது என்னைக் கீழே இழுத்தது. 2023 செப்டம்பர் 22 முதல் தேர்வு இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாகச் சுருக்கப்பட்டது. அதன்பின் ஒருமுறை எழுதி 169 வாங்கினேன். சுருக்கப்பட்ட தேர்வில் கேள்விகள் குறைவு, ஆகவே கவனக்குறைவான ஒரு தவறுக்கும் விலை அதிகம். கட்டணம் இருபத்திரண்டாயிரம் ரூபாயைத் தாண்டிவிட்டது. தேர்வன்று நான்கு பல்கலைக்கழகங்களுக்கு மதிப்பெண்ணை இலவசமாக அனுப்பலாம் என்பதால், அந்த நான்கின் பெயரை முன்பே முடிவு செய்துகொண்டு போங்கள். அடையாளத்துக்குக் கடவுச்சீட்டு மட்டுமே செல்லும். என்னோடு வந்த தோழி ஆதார் அட்டையோடு வந்து திரும்பிப் போனாள்.

இனி நான் அதிக நாள் செலவிட்ட பகுதிக்கு வருகிறேன். வேலை அனுபவம் இல்லாதவர் அனுபவத்துக்கு ஈடாக எதைக் காட்டுவது? பலரும் காட்டுவது சான்றிதழ்களின் நீண்ட பட்டியல். நானும் முதலாண்டில் பதினொரு சான்றிதழ்களைத் தற்குறிப்பில் அடுக்கியிருந்தேன். அவற்றில் எதைப் பற்றியும் ஐந்து நிமிடம் தொடர்ந்து பேச என்னால் முடியாது. இரண்டாம் ஆண்டில் அவற்றில் பெரும்பாலானவற்றை எடுத்துவிட்டு ஒரே ஒரு வேலையைச் செய்தேன். கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு அரியாங்குப்பம் வழியாகப் பேருந்தில் போகவர நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் கிடைத்தது. கன்னியக்கோயில் நிறுத்தத்துக்கு முன் உட்கார இடம் கிடைத்தால் அது பெரும் பேறு. எட்டு மாதத்தில் அந்தப் பயணங்களில்தான் பெரும்பகுதி நடந்தது.

தேசியப் பங்குச்சந்தை ஒவ்வொரு நாளும் முடிவில் 'பாவ்காப்பி' என்ற விலைக்கோப்பை இலவசமாக வெளியிடுகிறது. ஆப்ஷன் என்பது ஒன்றைக் குறித்த விலையில் (ஸ்ட்ரைக் விலை) வாங்கும் உரிமை (கால்) அல்லது விற்கும் உரிமை (புட்). நிஃப்டி பங்குக் குறியீட்டின் ஆப்ஷன்கள் ஐரோப்பிய வகை, அதாவது முதிர்வு நாளில் மட்டுமே செயல்படுத்தக்கூடியவை. ஐரோப்பிய வகைக்கு 'புட்–கால் சமநிலை' என்ற எளிய உறவு பொருந்தியாக வேண்டும்: ஒரே ஸ்ட்ரைக் விலையும் ஒரே முதிர்வு நாளும் கொண்ட கால், புட் இரண்டின் விலை வேறுபாடு, ஃபியூச்சர் விலைக்கும் (முதிர்வு நாளுக்கு இன்றே பேசும் விலை) ஸ்ட்ரைக் விலைக்கும் உள்ள வேறுபாட்டின் இன்றைய மதிப்புக்குச் சமம். அப்படி இல்லையென்றால் இடர் இல்லாமல் லாபம் எடுக்கலாம். ஓராண்டுக் கோப்புகளைப் பைத்தானில் படித்து, இந்த உறவு எங்கே, எவ்வளவு உடைகிறது என்று பார்த்தேன். முதல் வாரம் என் கண்ணை என்னால் நம்ப முடியவில்லை. நூற்றுக்கணக்கான இடங்களில் இலவசப் பணம் கிடந்தது!

இலவசப் பணம் எங்கும் கிடப்பதில்லை என்பதால், ரீகானில் பிரேக்குக்குக் காரணம் தேடுவதைப் போலவே இதற்கும் தேடினேன். சந்தை விலையிலிருந்து வெகு தொலைவில் உள்ள ஸ்ட்ரைக்குகளில் ஒருநாளைக்கு நாலைந்து ஒப்பந்தங்களே கைமாறியிருக்கும். அவற்றின் கடைசி விலை காலை பத்து மணிக்குப் பதிவானதாக இருக்கலாம். நான் அதை மாலை மூன்றரை மணி ஃபியூச்சர் விலையோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். கைமாறிய ஒப்பந்தங்களின் எண்ணிக்கைக்கு ஒரு கீழ்வரம்பு வைத்து வடிகட்டியதும் பெரும்பாலான உடைவுகள் மறைந்தன; மிஞ்சியவற்றை வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளியும் வரிகளும் தின்றுவிட்டன. ஆக, என் ஆய்வின் முடிவு 'ஒன்றுமில்லை' என்பதே. அந்த ஒன்றுமில்லையை வரைபடங்களோடு ஒன்பது பக்கத்தில் எழுதி, நிரலோடு சேர்த்துப் பொதுவில் வைத்து, சுட்டியைத் தற்குறிப்பில் கொடுத்தேன். புதுமை எதுவும் அதில் கிடையாது, பாடநூலின் முதல் அத்தியாயங்களில் வரும் உறவுதான். ஆனால் அதில் எந்த வரியைக் கேட்டாலும் அந்த எண் எங்கிருந்து வந்தது என்று என்னால் சொல்ல முடிந்தது.

இதன் பிறகுதான் அலுவலக வேலையையும் உள்ளபடி எழுத எனக்குத் துணிவு வந்தது. 'மூன்று நிதிகளின் ரொக்க, பங்கு நிலுவைகளை நாள்தோறும் இரு தரப்பு அறிக்கைகளோடு ஒப்பிடுகிறேன். வடிவம் வேறுபட்ட இரு கோப்புகளைத் தானாகப் பொருத்தும் பைத்தான் நிரல் ஒன்றை எழுதியதால், இரண்டு மணி நேர வேலை இருபது நிமிடமானது. இன்னமும் நிரலால் பொருத்த முடியாதது பங்குப் பிரிப்பு நடக்கும் நாட்களின் வரிகள்' என்று மூன்று வாக்கியம். மூன்றாவது வாக்கியத்தை எடுத்துவிடும்படி நண்பர்கள் சொன்னார்கள். நான் எடுக்கவில்லை. இரண்டு நேர்காணல்களிலும் அதைப் பற்றித்தான் ஆர்வத்தோடு கேட்டார்கள்.

கட்டுரையின் தொடக்கம் வேறொரு தலைவலி. சிறுவயது முதலே பங்குச்சந்தை என்னை ஈர்த்தது என்று தொடங்கும் கட்டுரை எத்தனையோ இருக்கும், என் முதலாண்டுக் கட்டுரையும் அதில் ஒன்று. எங்கள் வீட்டில் யாரும் ஒரு பங்குகூட வாங்கியதில்லை. ஆனால் என் அம்மாவழித் தாத்தா பண்ருட்டிக்கு அருகே காடாம்புலியூர்ப் பக்கம் முந்திரித் தோப்புகளைக் குத்தகைக்கு எடுப்பவர். மரம் பூக்கும் பருவத்திலேயே தோப்புக்காரருக்கு அச்சாரம் கொடுத்துவிடுவார். பூ நின்று காய் பிடித்தால் மீதிப் பணம் கொடுத்து விளைச்சலை எடுத்துக்கொள்வார், பனியிலும் மழையிலும் பூ கருகினால் அச்சாரத்தை மட்டும் இழந்து விலகிக்கொள்வார். கால் ஆப்ஷன் என்பதற்குப் பாடநூல் சொல்லும் விளக்கத்துக்கும் இதற்கும் இம்மியளவுதான் வேறுபாடு. 2011 டிசம்பர் 30 அதிகாலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே தானே புயல் கரையைக் கடந்தபோது எனக்குப் பதினொரு வயது. பூ கருகவில்லை, மரமே வேரோடு சாய்ந்தது. மூன்று ஆண்டுக் குத்தகையாகக் கொடுத்த பணத்தில் யார் எவ்வளவு இழப்பது என்று வாய்மொழி ஒப்பந்தத்தில் யாரும் பேசியிருக்கவில்லை. தாத்தாவும் தோப்புக்காரரும் திண்ணையில் இரண்டு நாள் பேசி, பாதிப் பாதி என்று முடித்தார்கள். இதை ஐந்து வாக்கியத்தில் எழுதிவிட்டு, ஆறாவது வாக்கியத்திலேயே என் ஆய்வுக்குப் போய்விட்டேன். ஊர்க்கதையை நீட்டினால் அது வேடிக்கைப் பொருளாகிவிடும் என்ற அச்சம் எனக்கு இருந்தது.

2024 பிப்ரவரி நேர்காணலில் ஒரு பேராசிரியர் அந்த ஐந்து வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டார். "உங்கள் தாத்தா கொடுத்த அச்சாரத்துக்கு நியாயமான விலை என்ன? பிளாக்–ஷோல்ஸ் போடலாமா?" என்று கேட்டார். போட முடியாது என்றேன். ஆப்ஷனுக்கு விலை கணக்கிட 1973இல் வந்த அந்த வழிமுறையின் உயிர்நாடி, ஆப்ஷன் எழுதிக் கொடுத்தவர் அடிப்படைச் சொத்தைத் தொடர்ந்து வாங்கியும் விற்றும் தன் இடரை நீக்கிக்கொள்ள முடியும் என்பது. தோப்பில் பூத்திருக்கும் முந்திரியை யாரும் தினமும் வாங்கி விற்பதில்லை. ஆகவே ஈடுகட்ட முடியாத இடருக்குத் தாத்தா எவ்வளவு கூலி கேட்கிறார் என்பதும் விலைக்குள் வந்துவிடுகிறது. அவருடைய நினைவில் இருக்கும் பழைய விளைச்சல்களே தரவு. சரி, தாத்தா ஒரே ஊரில் பத்துத் தோப்பு எடுத்தால் இடர் குறையுமா என்று அடுத்துக் கேட்டார். பூச்சிக்கும் திருட்டுக்கும் குறையும், புயலுக்குக் குறையாது, பத்துத் தோப்பும் ஒரே இரவில் விழும் என்றேன். அவர் சிரித்துவிட்டு, மூன்று மாறிகளில் முதலுக்கும் இரண்டாவதுக்கும் ஒட்டுறவுக் கெழு (சேர்ந்து ஏறியிறங்கும் அளவு) 0.9, இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் 0.8 என்றால் முதலுக்கும் மூன்றாவதுக்கும் எந்த எல்லைக்குள் இருக்கும் என்று ஒரு கணக்கைக் கொடுத்தார். ஒட்டுறவு அணியின் அணிக்கோவை எதிர்மமாக இருக்கக் கூடாது என்ற நிபந்தனையிலிருந்து, தோராயமாக 0.46க்கும் 0.98க்கும் இடையே என்று தாளில் போட்டுக் காட்டினேன். இந்த வகைக் கணக்குகள் நேர்காணல்களில் அடிக்கடி வருகின்றன. தொடர்ந்து இரண்டு தலை விழச் சராசரியாக எத்தனை முறை நாணயம் சுண்ட வேண்டும் என்பது இன்னொன்று, விடை ஆறு. விடையை மனப்பாடம் செய்தவரை இரண்டாவது கேள்வியில் கண்டுபிடித்துவிடுவார்கள், நாணயத்தைக் கோணலாக்கிவிட்டு மறுபடி கேட்டால் போதும்.

பரிந்துரைக் கடிதங்களில் நம் ஊர்ப் பழக்கம் ஒன்று தடையாக இருக்கிறது. என் நிகழ்தகவுப் பாட ஆசிரியரிடம் போனபோது, "நீயே எழுதிக்கிட்டு வாம்மா, நான் பார்த்துட்டு அனுப்பிடறேன்" என்றார். அன்பினால் சொன்னதுதான். ஆனால் முதலாண்டில் மூன்று கடிதங்களையும் அப்படி நானே எழுதியதால் மூன்றும் ஒரே குரலில் இருந்தன. இரண்டாம் முறை கடிதம் எழுதாமல், அவர் வகுப்பில் நான் செய்த ஒப்படைப்பு, கேட்ட ஒரு கேள்வி, வாங்கிய மதிப்பெண், என் ஆய்வின் முதல் பக்கம் ஆகியவற்றை ஒரு தாளில் கொடுத்து, "சார், இதை வைத்து உங்கள் நடையில் எழுதித் தந்தால் போதும்" என்று கேட்டுக்கொண்டேன். பத்து நாள் கழித்து அவர் எழுதியது சிறியது, அதில் ஒரு குறையும் சொல்லியிருந்ததாகப் பின்னர் அவரே சொன்னார். அலுவலகத்திலிருந்து யாரைக் கேட்பது என்ற குழப்பமும் இருந்தது. பெரிய பதவியில் இருந்தவருக்கு என் பெயர்கூடச் சரியாகத் தெரியாது. என் பிரேக்குகளை அன்றாடம் பார்க்கும் டீம் லீடர் அக்காவையே கேட்டேன். கடிதம் தனிப்பட்ட மின்னஞ்சலிலிருந்து போனால் சில இடங்களில் சந்தேகிப்பார்கள். கல்லூரி முகவரியைப் பேராசிரியர் பயன்படுத்தாமலே விட்டிருந்ததால், அதன் கடவுச்சொல்லை மீட்க மட்டும் ஒரு வாரம் போயிற்று. இதற்கும் நாள் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

இரண்டாம் ஆண்டு ஐந்து விண்ணப்பங்கள். அனுப்பும்போது பணி அனுபவம் பதினைந்து மாதம். இரண்டு இடங்கள் கிடைத்தன, ஒன்றில் காத்திருப்புப் பட்டியல், இரண்டில் மறுப்பு. பரூக் கல்லூரியின் படிப்பு மறுப்பில் அடங்கும். அரசுப் பல்கலைக்கழகமாகையால் அங்கே கட்டணம் ஒப்பீட்டளவில் குறைவு, இடங்களும் மிகக் குறைவு. எதுவும் கிடைக்காவிட்டால் வேர்ல்ட்குவான்ட் பல்கலைக்கழகம் இணையவழியில் கட்டணமின்றி நடத்தும் நிதிப் பொறியியல் முதுகலையை வேலையோடு சேர்த்துப் படிப்பது என்று அப்பாவிடம் சொல்லியிருந்தேன். அது ஆறுதலுக்குச் சொன்னதல்ல. கடன் வாங்கத் தயங்குபவர்கள் அதை முதல் வழியாகவே எண்ணிப் பார்க்கலாம்.

கடன்தான் கடைசிச் சுற்று. கட்டணமும் நியூயார்க் வாழ்க்கைச் செலவும் சேர்ந்து எனக்கு எண்பது லட்சத்தைத் தாண்டின. ஏழரை லட்சத்துக்கு மேல் பொதுத்துறை வங்கிகள் பொதுவாகச் சொத்தை ஈடாகக் கேட்கும். மஞ்சக்குப்பத்து வீடு அப்பா, பெரியப்பா இருவர் பெயரிலும் பிரியாமல் இருந்தது. பாகப்பிரிவினைப் பத்திரம், அதன்பின் பட்டா மாற்றம், வில்லங்கச் சான்று, வங்கி வழக்கறிஞரின் கருத்துரை, மதிப்பீட்டாளர் வருகை என்று ஏழு வாரம் ஓடியது. பெரியப்பா முகம் சுளிக்காமல் மூன்று முறை பதிவு அலுவலகத்துக்கு வந்தார். வராதிருந்தால் மாணவர் விசாவுக்குப் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவத்துக்கான நிதிச் சான்றையே நான் காட்டியிருக்க முடியாது. சொத்து கூட்டுப் பெயரில் இருப்பவர்கள், இடம் கிடைக்கும்வரை காத்திராமல் விண்ணப்பிக்கும்போதே இந்த வேலையைத் தொடங்கிவிட வேண்டும். படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை கட்டத் தேவையில்லை என்றாலும் வட்டி ஏறிக்கொண்டேதான் இருக்கும். கட்டும் வட்டிக்குப் பழைய வருமான வரி முறையில் எட்டு ஆண்டுவரை வரிக்கழிவு உண்டு. இப்படிப்புகள் பெரும்பாலும் ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) வகையில் வருவதால் முடித்தபின் அங்கே மூன்று ஆண்டுவரை வேலை பார்க்க இசைவு உண்டு. கடன் கணக்கை அப்பாவோடு போட்டுப் பார்த்தபோது, அந்த மூன்று ஆண்டை நான் பாதியாக வைத்துத்தான் கணக்கிட்டேன்.

முதல் பருவம் முடிந்து 2024 டிசம்பர் இறுதியில் ஊருக்கு வந்தபோது, சான்று ஒன்றுக்காகக் கல்லூரி அலுவலகத்துக்குப் போனேன். ஃபெஞ்சல் புயல் மழையில் கீழ்த்தட்டுக் கோப்புகள் நனைந்துவிட்டதால், எழுத்தர் அவற்றை மேசையெங்கும் பரப்பி மின்விசிறியில் உலர்த்திக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் மேல் இழுப்பறையிலிருந்து, நான் தயாரித்த ஒரு பக்கத் தாளின் நகலை எடுத்தார். "உன்னோடதுதாம்மா. வர்ற பசங்களுக்கெல்லாம் இதைத்தான் ஜெராக்ஸ் எடுத்துக் குடுக்கறேன்" என்றார். வாங்கிப் பார்த்தேன். அது என் ஆண்டின் பாடத்திட்டம். எனக்குப் பின் சேர்ந்தவர்களுக்கு ரெகுலேஷன் மாறி, ஃபூரியே தொடர் வேறொரு பாடத்துக்குப் போய்விட்டது. அவரிடம் ஒரு சிவப்பு மைப் பேனா வாங்கி, தாளின் தலையில் சேர்க்கை ஆண்டைப் பெரிதாக எழுதி, மற்ற ஆண்டுக்காரர்கள் தங்கள் பாடத்திட்டப் புத்தகத்தைப் பார்த்து மாற்றிக்கொள்ள வேண்டும் என்று கீழே குறித்துவிட்டு வந்தேன்.